புதிதாய்த் தோட்டத்துண்டு கிடைத்த பிள்ளைகளுக்கு

மொன்றியல் சமூகத் தோட்டத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் நிலம் பொதுவாக மூன்று மீட்டர் அகலம், ஆறு மீட்டர் நீளம். ஊரில் தோட்டம் செய்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வெங்காயத்துக்கு நாற்றுமேடை போடவே அவ்வளவு வேண்டும். ஆனாலும் இந்தத் துண்டுக்காக ஆக்கள் ஆண்டுக்கணக்கில் பட்டியலில் காத்திருக்கிறார்கள். இந்த வருஷம் உங்கள் பெயர் மேலே வந்து, படலைத் திறப்பும் கைக்கு வந்துவிட்டது என்றால், துறைமுகப் பக்கத்தில் வெகுகாலம் மண் கிண்டிய கிழவன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். மரக்கறி வளர்ப்பதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவதில் பாதி தேனீக்களைப் பற்றியது. அவற்றைக் கவனிக்காமல் இங்கே தோட்டம் செய்வது அரைவேலை என்பது என் கட்சி.

1. முதலில் நிலத்தின் கதையை விசாரியுங்கள்.

ழாக் கார்த்தியே பாலத்தின் காலடியில், துறைமுகத்துக்குச் சற்று மேலே இருக்கிறது சென்டர்-சூட் என்ற பழைய தொழிலாளர் வட்டாரம். 1974இல் அங்கே வீடுகள் எரிந்து வெறுமையாய்க் கிடந்த நிலத்தில் மரக்கறி வைக்க வேண்டும் என்று குடியிருந்தவர்கள் தாவரவியல் பூங்காவைக் கேட்டார்கள். பூங்காவில் பொறுப்பிலிருந்த பியேர் பூர்க் கைகொடுத்தார். 1975இல் நகரத்தின் திட்டம் தொடங்கியது. அந்த பூர்க்தான் பிறகு 1994 முதல் 2001 வரை நகரபிதாவாகவும் இருந்தார். இன்றைக்குத் தோட்டங்கள் நூறை நெருங்கும். துண்டுகள் எட்டாயிரத்துக்கு மேல்.

எரிந்த வளவு, பழைய தொழிற்சாலை நிலம், நிரப்பிய பள்ளம் என்று பல இடங்களின் அடிமண் சுத்தமில்லை. 2006ஐ ஒட்டி மண்ணைப் பரிசோதித்தபோது சில தோட்டங்களில் ஈயம் போன்ற உலோகங்கள் கூடுதலாக இருந்ததால் அவற்றை மூடினார்கள். மண்ணை மாற்றிய பிறகோ பெட்டிப் பாத்தி வைத்த பிறகோதான் அப்படிப்பட்ட இடங்களில் மறுபடி மரக்கறி வைக்கலாம். ஆகவே உங்கள் தோட்டத்தில் மண்ணுக்குக் கீழே துணி விரித்திருக்கிறதா, எவ்வளவு ஆழம் கிண்டலாம் என்று தோட்டக் குழுவிடம் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுங்கள்.

2. விதிமுறைத் தாளை வாசியுங்கள்.

பிரெஞ்சு தெரியாது என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வைத்து வாசியுங்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் சிறு மாற்றம் இருக்கும். பொதுவாக, குறைந்தது ஐந்து வகை மரக்கறி வேண்டும். எந்த ஒன்றும் நிலத்தின் கால்பங்கைத் தாண்டக்கூடாது. பூவும் மூலிகையும் பழமும் சேர்ந்து இன்னொரு கால்பங்கு. விளைந்ததை விற்கக்கூடாது. 'முழுக்கப் பச்சைமிளகாய் வைப்பேன்' என்று வருகிறவர்களுக்கு இது கசக்கும். எனக்கு இந்த விதியில் குறை தெரியவில்லை. ஐந்து வகை இருந்தால் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை ஏதோ ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். பூ இருந்தால் தேனீ நிற்கும்.

3. மே மாதத்து வெயிலை நம்பாதீர்கள்.

ஏப்ரல் முடிவில் ஒரு நாள் இருபது பாகை வெயில் எறிக்கும். உடனே ஆக்கள் கடைக்கு ஓடிப்போய்க் கத்தரிக்கன்று வாங்கி வருவார்கள். கியூபெக்கின் பழைய விவசாயிகள் மே 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களையும் பனிப் புனிதர்களின் நாட்கள் என்பார்கள். அது தாண்டும்வரை மென்மையான கன்று எதையும் வெளியில் வைக்க மாட்டார்கள். நான் இன்னும் ஒரு வாரம் கூட்டி, மே 25க்கு முந்திய திங்கள், அதாவது பேட்ரியட்ஸ் விடுமுறை வரை பொறுக்கச் சொல்லுவேன். வெண்டிக்கும் பாகலுக்கும் ஜூன் பிறந்தாலும் மோசமில்லை. மண் சூடேறாமல் வெண்டி விதை அழுகிவிடும்.

துறைமுகத்துக்காரர்கள் பனியை வென்றுவிட்டார்கள். 1964 ஜனவரியில் ஹெல்கா டான் என்ற டென்மார்க் கப்பல் உறைந்த சென்ட் லோரன்ஸ் ஆற்றைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்த பிறகு, மாரிகாலம் முழுக்கக் கப்பல் வந்துபோகிறது. வருஷத்தின் முதல் கடற்கப்பல் தலைவருக்குப் பொற்பூண் போட்ட கைத்தடி கொடுக்கும் வழக்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து உண்டு. கத்தரிக்கன்றுக்கு அப்படி முந்தி வந்ததற்குப் பரிசு ஒன்றும் கிடைக்காது.

பொறுக்க முடியாதவர்கள் கீரை, முள்ளங்கி, பட்டாணி விதையுங்கள். அவை குளிரில் முளைக்கும்.

4. ஊர் மண்ணைக் கொண்டுவராதீர்கள்.

பாசம் புரிகிறது. ஆனால் வெளிநாட்டு மண் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது. விதையோ கிழங்கோ கொண்டுவந்தால் விமான நிலையத்தில் எழுதிக் காட்ட வேண்டும். எங்கள் கத்தரி, புடல், பயற்றை விதைகள் டொரொண்டோவிலும் இங்கேயும் எத்தனையோ தமிழ் வீடுகளில் தலைமுறையாகப் பாதுகாத்துக் கிடக்கின்றன. கோயிலில் நாலுபேரிடம் கதைத்தால் ஒரு கடதாசிச் சரை நிறைய விதை கிடைக்கும். அவை பத்து, இருபது மாரியைக் கண்ட விதைகள். ஊரிலிருந்து நேரே வந்ததைவிட இங்கே நன்றாக நிற்கும்.

மண்ணைத் திருத்த ஊர்வழக்கமே போதும். பூவரசங்குழையும் கிளுவங்குழையும் தாழ்த்திப் புகையிலை விளைவித்த சனம் நாங்கள். இங்கே பூவரசு இல்லை. இலையுதிர்காலத்து மேப்பிள் இலை இருக்கிறது. பொடியாக்கி எருவோடு கலந்து மூடிவிடுங்கள்.

5. காலையில் போங்கள், சும்மா நில்லுங்கள்.

வேலை முடித்து மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். வாரத்தில் ஒரு காலையாவது ஏழு மணிக்கு முன் போய், எந்தக் கருவியையும் தொடாமல், பூ நிற்கும் ஒரு செடியின் முன் கால்மணி நேரம் நின்று பாருங்கள். வந்ததெல்லாம் ஒரே தேனீ இல்லை என்பது அப்போதுதான் தெரியும். உடம்பு முழுக்க மயிரும் மஞ்சளும் கறுப்புமாகக் கனத்துப் பறப்பது பம்பிள் தேனீ. நம்மவர்கள் அதை வண்டு என்று சொல்லிவிட்டு விலகிப் போவார்கள். பச்சை உலோகம்போல் மினுங்கும் ஒரு சின்னத் தேனீ கொத்தமல்லிப் பூவில் இருக்கும். ஈ என்று நினைத்துவிடுவீர்கள். வயிற்றின் அடிப்பக்கத்தில் மகரந்தத்தை அப்பிக்கொண்டு போவது இலைவெட்டித் தேனீ. ரோசா இலையிலும் அவரை இலையிலும் வட்டமாக வெட்டு விழுந்திருந்தால் பூச்சிமருந்தைத் தேடாதீர்கள். அது தன் குஞ்சுக்கு அறை கட்ட எடுத்துப்போன துண்டு. கனடாவில் 800க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, தேன் சேர்த்து வைப்பதுமில்லை. ஒவ்வொரு பெண்ணும் தனியாக வளை தோண்டி, தனியாகக் குஞ்சு வளர்க்கும்.

6. தக்காளிப் பூவின் காயத்தைத் தேடுங்கள்.

தக்காளி, கத்தரி இரண்டும் ஒரே குடும்பம். அவற்றின் பூவில் மகரந்தம் வெளியில் தூளாகக் கிடக்காது. மஞ்சள் குழல்களுக்குள் அடைபட்டிருக்கும், நுனியில் சின்னத் துவாரம் மட்டும். பம்பிள் தேனீ வந்து தலைகீழாகத் தொங்கி, அந்தக் குழலைத் தாடையால் கவ்வி, இறக்கையை அசைக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவிடும். மகரந்தம் பொடியாகக் கொட்டும். பறக்கும்போது கேட்கும் இரைச்சலைவிடச் சுருதி கூடின ஒரு 'ஸ்ஸ்' சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். அந்தச் சத்தம் வந்தால் கத்தரிக்காய் வருகிறது என்று அர்த்தம். பிறகு பூவைக் கையால் நிமிர்த்திப் பாருங்கள். மஞ்சள் குழலில் கபில நிறத்தில் சின்னக் கடிகாயம் இருக்கும். ஒரு பூவில் அந்தக் காயம் இருந்தால் வேலை முடிந்தது.

பெட்டியில் வளர்க்கும் தேனுக்கான தேனீ இந்த வேலை செய்யாது. அதற்கு அந்த அதிர்வு தெரியாது. கண்ணாடிக்கூடத்தில் தக்காளி வளர்க்கும் பெரிய பண்ணைக்காரர்கள் பம்பிள் தேனீக் கூட்டைக் கடதாசிப் பெட்டியில் விலைக்கு வாங்கி வைப்பது இதனால்தான். உங்களுக்கு அது இலவசமாக வருகிறது. காற்றிலும் கொஞ்சம் காய்க்கும், மறுக்கவில்லை. ஆனால் தேனீ தொட்ட தக்காளி பருமன் கூடும், கோணல் குறையும்.

மே மாதத்தில் மண்ணுக்குக் கிட்ட வளைந்து வளைந்து ஒற்றையாகப் பறக்கும் பெரிய பம்பிள் தேனீயைக் கண்டால், அது ராணி. போன வருஷத்துக் கூட்டம் முழுக்கச் செத்துப் போயிருக்கும். மண்ணுக்குள் உறங்கிய இவள் ஒருத்திதான் மிச்சம். எலி விட்டுப்போன வளை ஏதாவது அகப்படுமா என்று இடம் தேடுகிறாள். அவளை அடித்தால் ஜூலையில் உங்கள் கத்தரிப் பூவுக்கு வரவேண்டிய நூறு பேரை அடித்த கணக்கு.

7. பூசணி வையுங்கள், விடியமுன் அதைப் பாருங்கள்.

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். நிலம் சின்னது, கொடி ஓடும், பக்கத்துத் துண்டுக்காரர் முறைப்பார், எல்லாம் சரி. ஒரே ஒரு கொடி வைத்து வேலியில் ஏற்றுங்கள். ஜூலையில் ஆண்பூ முதலில் வரும். 'பூக்குது, ஒரு பிஞ்சும் இல்லை' என்று புதிய ஆக்கள் எல்லோரும் கவலைப்படுவது அந்த நேரம்தான். பொறுங்கள், அடியில் குட்டிப் பூசணி வைத்தபடி பெண்பூ பின்னால் வரும். பூ விடியும்போது விரிந்து, வெயில் ஏறி மத்தியானத்துக்கு முன்னமே மூடிவிடும்.

மூடிய ஆண்பூவை மத்தியானத்தில் மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒன்றிரண்டு தேனீ படுத்திருக்கலாம். பூசணித் தேனீ என்று ஓர் இனம். அதில் ஆண்கள் படுப்பது பூவுக்குள், பெண்கள் கொடிக்குக் கீழே அரையடி, ஓரடி ஆழத்தில் மண்ணில் வளை தோண்டியிருப்பார்கள். பூசணிக் குடும்பத்துப் பூவைத் தவிர வேறெந்தப் பூவின் மகரந்தத்தையும் இந்தத் தேனீ தன் குஞ்சுக்குக் கொடுக்காது. மற்றத் தேனீக்கள் சோம்பல் முறிக்கும் முன், சூரியன் கிளம்பும் நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும்.

இது இந்தக் குளிர் நாட்டுக்குரிய பூச்சி இல்லை. மெக்சிக்கோ, அமெரிக்கத் தென்மேற்குப் பக்கத்துப் பாலைநிலத்தில் காட்டுப் பூசணியில் வாழ்ந்தது. முதற்குடி மக்கள் பூசணியைச் சோளத்தோடும் அவரையோடும் சேர்த்துப் பயிரிட்டு, தலைமுறை தலைமுறையாக வடக்கே கொண்டுவந்தார்கள். பின்னாலேயே தேனீயும் வந்தது. அந்தத் தேனீயின் மரபணுவை ஆராய்ந்து மார்கரிட்டா லோபெஸ்-உரிபேயும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் பயணத்தின் தடத்தைக் காட்டுகிறது. 1535 ஒக்டோபரில் பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்த்தியே இந்தத் தீவுக்கு வந்தபோது ஓஷலாகா என்ற ஊரைச் சுற்றிச் சோளவயல்கள் இருந்தன. இன்று அந்தப் பெயரைத் தாங்கும் வட்டாரத்துக்குக் கீழே துறைமுகத்தின் கொள்கலன்கள் அடுக்கி நிற்கின்றன. பிடித்த மரக்கறியைத் தேடி எங்கேயோ கிடந்து இங்கே வந்து குடியேறினது நாங்கள் மட்டுமில்லை என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஆண்பூ மிகுதியாக இருந்தால் மாவில் தோய்த்துப் பொரியுங்கள். பறிக்கும் முன் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொழுந்தை வறைக்கு எடுக்கலாம்.

8. புடலுக்கும் சுரைக்கும் நீங்களே தேனீ.

இவற்றின் வெள்ளைப் பூ பின்னேரத்திலும் இரவிலும் விரிவது. ஊரில் அந்துப்பூச்சி வந்து வேலையை முடிக்கும். இங்கே அந்துப்பூச்சி வரும், வராமலும் போகும். பொழுது படும் நேரம் ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். ஜூனில் இங்கே இரவு எட்டே முக்காலுக்குத்தான் பொழுது படும் என்பது ஒரு வசதி. ஓகஸ்டில் கொஞ்சம் முந்தும். பீர்க்கு மாலையிலேயே விரிந்துவிடுவதால் கடைசி வெளிச்சத்தில் பம்பிள் தேனீ எட்டிப் பார்க்கும்; அதற்கு அவ்வளவு பயமில்லை. பாகல் காலையில் பூப்பது, அதைத் தேனீயிடம் விட்டுவிடுங்கள்.

9. தேன்பெட்டி வைக்க ஆசைப்படாதீர்கள்.

'தேனீ அழிகிறது, ஆகவே ஒரு பெட்டி வைப்போம்' என்று நல்ல மனத்தோடு சொல்வார்கள். மொன்றியலில் மொட்டைமாடிகளெல்லாம் பெட்டி ஏறியது அப்படித்தான். தேனுக்கான தேனீ ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவந்த இனம். மாடு, கோழிபோல வளர்ப்புச் சாதி. அது அழியும் நிலையில் இல்லை. தடுமாறுவது பெயர் தெரியாத காட்டுத் தேனீக்கள்தான்.

கணக்கும் இருக்கிறது. கெயில் மக்கின்னிஸ், எட்டியென் நோர்மண்டன், கார்லி சிட்டர் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நகரத்தின் அதே இடங்களில் 2013இலும் 2020இலும் பிடித்த தேனீக்களை ஒப்பிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் தீவிலிருந்த பெட்டிகள் சில நூறிலிருந்து மூவாயிரத்தை நெருங்கின. காட்டுத் தேனீ இனங்கள் 163இலிருந்து 120 ஆகக் குறைந்தன. வளர்ப்புத் தேனீ கூடுதலாகப் பெருகிய இடங்களில் காட்டு இனங்கள் குறைவாக இருந்தன. தூரம் பறக்க முடியாத சின்னத் தேனீக்களுக்கே அடி பலம். காரணம் முழுக்கப் பெட்டிதான் என்று ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கோடையில் ஒரு பெட்டிக்குள் பல்லாயிரம் வாய். நகரத்துப் பூவோ எண்ணி வைத்த பூ. யாருடைய சோற்றில் கைவைக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

அப்படியும் வைத்தே தீருவேன் என்றால், மாகாண விவசாய அமைச்சில் ஆண்டுதோறும் பதிய வேண்டும். வீதியிலிருந்தும் வீட்டிலிருந்தும் 15 மீட்டர் தள்ளியோ உயர்ந்த மறைப்பு வேலி கட்டியோ வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தோட்டத்துண்டுக்குள் அந்தக் கதையே இல்லை. தேன் வேண்டுமென்றால் ழோன் தலோன் சந்தையில் வாங்குங்கள்.

10. கொஞ்சம் இடத்தை அழுக்காக விடுங்கள்.

தேனீக்களில் பத்தில் ஏழு பங்கு இனம் மண்ணில் குடியிருப்பவை. துண்டு முழுக்க வைக்கோலும் கறுப்புத் துணியும் போட்டு மூடினால் அவை எங்கே போகும்? வெயில் படும் ஒரு மூலையில் ஒரு பாய் அகலம் வெறும் மண்ணாகக் கிடக்கட்டும். ராஸ்பெரித் தண்டு, சூரியகாந்தித் தண்டு இவற்றை ஒரு முழம் மிச்சம் விட்டு வெட்டுங்கள். அந்தத் தண்டின் சோற்றுக்குள் சின்னத் தேனீ குடியேறும்.

பூவுக்கு விலைகூடிய விதை தேவையில்லை. துளசி ஒரு வரிசை வையுங்கள். ஓகஸ்டில் அதில் தேனீ மொய்க்கிற மொய்ப்பைப் பார்த்தால் பக்கத்துத் துண்டுக்காரரும் விதை கேட்பார். கொத்தமல்லியில் நாலு செடியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். பூவுக்கும் மூலிகைக்கும் பழத்துக்கும் என்று விதியே கால்பங்கு இடம் தருகிறது.

ஓர் எச்சரிக்கை. முதுகில் துருநிறத் திட்டு வைத்த ஒரு பம்பிள் தேனீ தெற்கு கியூபெக்கிலும் ஒன்ராறியோவிலும் சாதாரணமாகப் பறந்து திரிந்தது. கனடாவில் அதைக் கடைசியாகக் கண்டது 2009இல். 2012இல் அருகிவரும் இனமாகச் சட்டத்தில் எழுதினார்கள். எங்கள் வயதுக்காரர் இந்த நாட்டுக்கு வந்த எண்பதுகளில் அது இருந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த அந்நாட்களில் யார் பூச்சியைப் பார்த்தோம்.

11. மருந்து அடிக்காதீர்கள். அடிக்கவும் முடியாது.

மொன்றியலுக்கு மேற்கே ஹட்சன் என்ற சிற்றூர் 1991இல், அழகுக்காகத் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிப்பதைத் தடைசெய்தது. மருந்துக் கம்பனிகள் வழக்குப் போட்டு, கனடா உச்ச நீதிமன்றம் வரை போய், 2001இல் ஊரே வென்றது. பிறகு நாடெங்கும் நகரங்கள் அதைப் பின்பற்றின. சமூகத் தோட்டங்களிலும் இயற்கை முறைதான்.

பூச்சி வரும். ஜூலையில் செம்பு நிறமும் பச்சைத் தலையுமாக ஜப்பானிய வண்டு வந்து அவரை இலையைச் சல்லடையாக்கும். காலைக் குளிரில் அது மந்தமாக இருக்கும். சவர்க்காரத் தண்ணீர் வாளியை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டிவிட்டால் விழுந்துவிடும். தட்டும் முன் தலைக்குப் பின்னால் பாருங்கள். வெள்ளைப் புள்ளி ஒன்று ஒட்டியிருந்தால் அந்த வண்டை விட்டுவிடுங்கள். அது ஓர் ஈ இட்ட முட்டை; குஞ்சு பொரித்து வண்டை உள்ளேயிருந்து தின்று, அடுத்த வருஷம் ஈயாக வெளியே வரும். உங்கள் வாளியைவிட அந்த ஈக்கு வேலை தெரியும்.

அணிலுக்கு மருந்தில்லை. தக்காளி வெளுக்கத் தொடங்கும்போதே பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள்.

12. கொட்டுமென்று பயப்படுகிறவர்களுக்கு.

பூவில் வேலையாக நிற்கும் தேனீ உங்களைத் தேடி வராது. பம்பிள் தேனீக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனால் நடுக்காலை ஒன்றைத் தூக்கிக் காட்டும். தள்ளிப் போ என்று அர்த்தம். போய்விடுங்கள். செப்டெம்பரில் சோடாப் போத்தலைச் சுற்றுவது குளவி, அதன் குணம் வேறு. ஒவ்வாமை உள்ளவர்கள் ஊசியைப் பையில் வைத்துக்கொண்டு வரவேண்டும். அவ்வளவுதான்.

13. களையைப் பிடுங்கும் முன் பெயரைக் கேளுங்கள்.

பக்கத்துக்காரர் வேரோடு பிடுங்கி எருக்குவியலில் எறியும் சாம்பல் பூத்த இலைச்செடி சக்கரவர்த்திக்கீரை. நிலத்தோடு படரும் தடித்த சிவப்புத் தண்டு பருப்புக்கீரை. இரண்டும் விதைக்காமல் வரும். இளசாகப் பறித்துப் பருப்போடு கடைந்தால் கடைக் கீரை தோற்றுவிடும். பக்கத்துக்காரரிடம் கேட்டால் சந்தோஷமாகத் தந்துவிடுவார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்பார். அடுத்த முறை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆனால் மண் சந்தேகமான இடத்தில், பாத்திக்கு வெளியே நிற்கும் கீரையைத் தொடாதீர்கள்.

14. பிஞ்சில் பறியுங்கள், அன்றே சமையுங்கள்.

வெண்டிப்பூ ஒரு நாள்தான் நிற்கும். பூ விழுந்து நாலைந்து நாளில் காயைப் பறிக்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் நார். பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். வெண்டிப் பால்கறிக்கு முற்றின காயைப் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கத்தரிக்காய் தோலில் மினுக்கம் இருக்கும்போதே எடுங்கள். மங்கினால் உள்ளே விதை முற்றிவிட்டது. காலையில் பறித்த கத்தரிக்காயை மத்தியானம் பொரித்துக் குழம்பு வைத்துப் பாருங்கள். எங்கேயோ ஏற்றி, எங்கேயோ இறக்கி, குளிரூட்டியில் கிடந்து வந்த கத்தரிக்காய்க்கு அந்த மணம் வராது. விலையைப் பார்த்தால் இந்தத் தோட்டத்தில் பெரிய லாபமில்லை. லாபம் அந்தக் குழம்பில் இருக்கிறது.

ஜூலைக் கடைசி இரண்டு கிழமையும் கட்டடத் தொழிலாளர் விடுமுறை. பாதி நகரம் ஊரில் இராது. நீங்களும் டொரொண்டோவுக்குக் கலியாணம், தேர் என்று கிளம்புவீர்கள். தண்ணீருக்குப் பக்கத்துத் துண்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, 'காய்த்ததைப் பறித்துக்கொள்ளுங்கள்' என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.

15. விதை எடுங்கள்.

இந்த நகரத்தின் நோத்ர்-டாம்-டெ-கிராஸ் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பச்சைச் சதை வைத்த வெள்ளரிப்பழம் ஒன்று விளைந்தது. மொன்றியல் மெலன் என்று பெயர். நியூயோர்க், பொஸ்டன் ஹோட்டல்களுக்கு ஏற்றுமதியாகும் அளவுக்குப் பெயர் பெற்றது. தோட்டங்கள் வீடும் வீதியுமாயின. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அது காணாமல் போனது. தொண்ணூறுகளில் தேடியபோது விதை அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து விதை வங்கி ஒன்றில் இருந்தது. நகரத்தின் பெயரையே தாங்கிய பழத்துக்கு அந்தக் கதி என்றால், எங்கள் ஊர்க் கத்தரிக்கு என்ன உத்தரவாதம்? நல்ல செடியில் முதல் காய்களில் ஒன்றைப் பறிக்காமல் முற்ற விடுங்கள். விதையைக் கழுவி நிழலில் காயவைத்து, பெயரும் வருஷமும் எழுதிப் போத்தலில் போடுங்கள். பூசணி விதையை மட்டும் நம்ப வேண்டாம். தேனீ பத்துத் துண்டுக்காரரின் சுக்கினியையும் சேர்த்துத் தடவியிருக்கும், கசப்புக்காய் வரலாம். கசந்தால் தின்னவே கூடாது.

16. ஒக்டோபரில் அவசரப்படாதீர்கள்.

முதல் உறைபனிக்கு முன் பச்சைத் தக்காளியெல்லாம் பறித்துக் குழம்பு வையுங்கள், பச்சைமிளகாயை மோரில் ஊறவைத்துக் காயவையுங்கள். ஒக்டோபர் நடுவில் உள்ளிப்பூண்டை ஊன்றினால் அடுத்த ஜூலையில் கிண்டலாம். நோய் பிடித்த கொடியை அகற்றுங்கள். மிச்சத் தண்டுகளை உங்கள் குழு அனுமதிக்கும் அளவுக்கு நிற்க விடுங்கள். பூசணி நின்ற இடத்தை மட்டும் மண்வெட்டியால் புரட்டவேண்டாம்; அடுத்த கோடையின் பூசணித் தேனீக்கள் அந்த மண்ணுக்குள் குஞ்சாக இருக்கின்றன. மேலே எருவைப் பரப்பிவிட்டு வந்தால் போதும்.

பதிவைப் புதுப்பிக்கும் கடிதம் மாரிகாலத்தில் வரும். திகதி தப்பினால் துண்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடிதம் வந்த அன்றே காசைக் கட்டுங்கள். அப்படியே, இன்னும் பட்டியலில் பெயர் கொடுக்காத தமிழ் ஆக்களைக் கண்டால் அவர்களுடைய வட்டார அலுவலகத்தில் இந்த வருஷமே பதியச் சொல்லுங்கள்.